வானம் ஏறிய பின் கூரை ஏறியது

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லைக்குச் சற்று முன்னால், குவார்ட்ஸைட் என்றொரு பாலைவனச் சிற்றூர் இருக்கிறது. கோடையில் அங்கே ஈ காக்கை தங்காது. பனிக்காலம் பிறந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பணி ஓய்வு பெற்றவர்கள், கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அடங்கிய மோட்டார்ஹோம்களை ஓட்டிக்கொண்டு லட்சக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கிக்கொள்ள அனுமதி உண்டு. பெரும்பகுதியில் மின்கம்பமோ தண்ணீர்க் குழாயோ கிடையாது. ஆனாலும் வண்டிகளுக்குள் விளக்கு எரிகிறது, டிவி ஓடுகிறது. கூரைமேல் படுத்திருக்கும் சோலார் பேனல்கள் உபயம்.

அந்த ஊர்க் கல்லறையில் ஒரு சின்னப் பிரமிடும் அதன் உச்சியில் உலோக ஒட்டகம் ஒன்றும் உண்டு. 1856-இல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சரக்குச் சுமக்க ஒட்டகங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தபோது, அவற்றை மேய்க்க உடன் வந்த ஓட்டோமான் நாட்டுக்காரர் ஹாஜி அலி அங்கேதான் உறங்குகிறார். அவர் பெயர் அமெரிக்கர்களின் நாக்கில் ‘ஹை ஜாலி’ என்று திரிந்து, கடைசியில் கல்லறையிலும் அப்படியே ஏறிவிட்டது. தனக்கு வேண்டியதைத் தானே சுமந்துகொண்டு பாலைவனத்தைக் கடக்கும் வாகனம் என்ற ஆசை குவார்ட்ஸைட்டுக்குப் புதிதல்ல. ஒட்டகத் திட்டம் சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. சோலார் பேனல் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தத் தகடு ஒரு வண்டியின் கூரைக்கு வந்துசேர எடுத்துக்கொண்ட சுற்றுவழி சாதாரணமானதல்ல.

தொடக்கம் பாரிஸில், 1839-இல். எட்மோன் பெக்கரெலுக்கு அப்போது 19 வயது. அப்பாவும் விஞ்ஞானி, வீட்டிலேயே ஆய்வுக்கூடம். அமிலக் கரைசலில் அமிழ்த்திய உலோகத் தகடுகளின் மீது வெயில் பட்டபோது மெல்லிய மின்னோட்டம் பிறப்பதைப் பையன் கவனித்தான். எதற்குப் பயன்படும் என்று அவனுக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. (பின்னாளில் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த ஆன்றி பெக்கரெல் இந்த எட்மோனின் மகன். ஒளியோடு அந்தக் குடும்பத்துக்கு ஏதோ ஒப்பந்தம் இருந்திருக்கிறது.)

அடுத்த எட்டு வைத்தது தந்தித் தொழில். கடலுக்கடியில் தந்திக் கம்பி பதித்துக்கொண்டிருந்த காலம் அது. கம்பியில் எங்கேயாவது கசிவு இருக்கிறதா என்று சோதிக்க, மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும் ஒரு பொருள் வேண்டியிருந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் வில்லோபி ஸ்மித் செலினியக் குச்சிகளை எடுத்துக்கொண்டார். அவை ஒருநாள் ஓர் அளவைக் காட்டின, மறுநாள் வேறோர் அளவைக் காட்டின. குச்சி இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தால் ஒரு கணக்கு, மூடினால் வேறு கணக்கு. வெளிச்சம்தான் குற்றவாளி என்று 1873-இல் அவர் அறிவித்தார். மூன்றாண்டுகள் கழித்து ஆடம்ஸ், டே என்ற இருவர், வெளிச்சம் பட்டால் செலினியம் தானே மின்சாரம் தருகிறது என்று கண்டார்கள்.

நியூயார்க்கில் சார்ல்ஸ் ஃபிரிட்ஸ் என்றொரு கண்டுபிடிப்பாளர் இதைக் கையில் எடுத்தார். செலினியத்தின் மேல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தங்கப் படலம் பூசித் தகடு செய்தார். விழுந்த வெயிலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் மின்சாரமாயிற்று. ஆனாலும் அவர் அசரவில்லை. 1884-இல் நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் கூரையில் அவற்றை வரிசையாகப் பரப்பினார். ஒரு தகட்டைப் பெர்லினுக்கு, மின்பொறியியலின் பெருந்தலையான வெர்னர் ஃபொன் சீமென்ஸுக்கு அனுப்பினார். சீமென்ஸ் வியந்துபோய் 1885-இல் பிரஷ்ய அறிவியல் கழகத்தின் முன் அதைப் பற்றிப் பேசினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நூறாண்டு கழித்து மறுபடி வரும்.

அதே 1885-இல் இங்கிலாந்தில் இன்னொரு விநோதம் நடந்தது. ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் கார்டன் ஸ்டேபிள்ஸ், நாடோடிகள் மட்டுமே வசித்துவந்த வகை வீட்டு வண்டி ஒன்றை, பொழுதுபோக்குக்காகத் தனக்கென்று கட்டச் சொன்னார். பிரிஸ்டலில் ரயில் பெட்டி செய்யும் நிறுவனம் அதைக் கட்டிக்கொடுத்தது. ஏறத்தாழ இரண்டு டன் எடை. இழுக்க இரண்டு குதிரைகள். குறுகிய சாலைகளில் எதிரே வருபவர்களை எச்சரிக்க ஒரு பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போவானாம். வசதி இருக்கும் மனிதன், இருக்கிற வீட்டை விட்டுவிட்டு வண்டியில் போய்ப் படுக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது என்று சொல்லலாம். குதிரைக்குப் பதில் இன்ஜின் வந்ததும் 1910-இல் பியர்ஸ்-ஆரோ என்ற அமெரிக்கக் கார் நிறுவனம் மடக்கிப் படுக்கையாக்கும் இருக்கையும் கைகழுவும் தொட்டியும் கொண்ட காரை நியூயார்க் கண்காட்சியில் வைத்தது.

இரண்டே ஆண்டுகளில் அதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. அதுவரை காரைக் கிளப்ப முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். 1912-இல் சார்ல்ஸ் கெட்டரிங் கண்டுபிடித்த மின் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்தது. அதை ஓட்ட ஒரு பேட்டரி வேண்டும். பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளான்தே 1859-இல் செய்த ஈய-அமில பேட்டரி இப்படித்தான் ஒவ்வொரு காருக்குள்ளும் குடியேறியது. முதலில் 6 வோல்ட், 1950களில் இன்ஜின்கள் பெருத்தபோது 12 வோல்ட். சோலார் பேனலின் அளவையே பின்னாளில் இந்த 12 தீர்மானிக்கப்போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

இதற்கிடையே செலினியத்தின் கதை ஃபிரிட்ஸின் தகட்டுக்கு மேல் நகரவில்லை. ஒளி ஏன் மின்சாரத்தைக் கிளப்புகிறது என்று ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கினார், அதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஆனால் விளக்கம் பேட்டரியை நிரப்பாது. அதற்கு ஒரு விரிசல் தேவைப்பட்டது. 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரசல் ஓல் என்பவர் வானொலி அலைகளைப் பிடிக்கச் சிலிக்கான் துண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டில் நடுவே விரிசல் விழுந்திருந்தது. அதன்மீது வெளிச்சம் பட்டபோது அளவுமானி ஏறத்தாழ அரை வோல்ட்டுக்குத் துள்ளியது. சக விஞ்ஞானி வால்டர் பிராட்டைனிடம் காட்டியபோது அவரால் நம்ப முடியவில்லை. துண்டு உறைந்தபோது கலப்படங்கள் இரு பக்கமாகப் பிரிந்து, அவற்றின் சந்திப்பில் ஒரு தடுப்பு தானாக உருவாகியிருந்தது. டிரான்சிஸ்டரும் இன்றைய சோலார் செல்லும் அந்தச் சந்திப்பின் வாரிசுகள்தான். பேனல் எவ்வளவு பெரிதானாலும் இன்றும் உள்ளே ஒரு செல் தருவது அதே அரை வோல்ட்தான்.

அடுத்து நடந்ததற்குக் காரணம் வெப்பமண்டலப் புழுக்கம். ஈரமான வெப்ப நாடுகளில் தொலைபேசிக் கருவிகளின் உலர் பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின. மாற்று தேடும் வேலை பெல் ஆய்வகத்தின் டேரில் சாப்பினுக்கு வந்தது. செலினியத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தவரிடம், ‘அதை விடு, எங்கள் சிலிக்கானைப் பார்’ என்கிற தோரணையில் ஜெரால்டு பியர்சன் வந்து நின்றார். வேதியியலாளர் கால்வின் ஃபுல்லர் கலப்படத்தைப் பக்குவமாகச் சேர்க்கும் கையை அறிந்தவர். மூவருமாகச் செய்த சிலிக்கான் செல் 1954 ஏப்ரல் 25 அன்று பத்திரிகையாளர்கள் முன் ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றிக் காட்டியது. விழும் வெயிலில் 6 சதவீதம் மின்சாரமாயிற்று. மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தி.

1955 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற ஊரில் ஒரு தொலைபேசிக் கம்பத்தின் உச்சியில் பேனல் ஏறியது. வேலையும் செய்தது. விலைதான் விழுங்கிவிட்டது. ஒரு வாட் தரும் செல்லுக்கு 286 டாலர். ஒரு வீட்டுக்கு இப்படி மின்சாரம் எடுத்தால் 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர் ஆகும் என்று சாப்பினே கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த விலையில் பொம்மை செய்யலாம், ரேடியோ செய்யலாம், வேடிக்கை காட்டலாம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வில்லியம் காப் 1955-இல் சிகாகோவில் ஓட்டிக் காட்டிய சூரியக் கார் 15 அங்குல நீளம். 1960 வாக்கில் இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் என்ற நிறுவனம் இன்னும் துணிந்தது. 1912-இல் செய்த பழைய பேக்கர் மின்சாரக் காரின் தலைமேல், 10,640 செல்கள் பதித்த பெரிய பலகையைக் கட்டி ஊர்வலம் விட்டது. ஆள் ஏறி ஓட்டும் வண்டியின் கூரையில் சோலார் பேனல் ஏறியதற்கு நான் அறிந்த முதல் உதாரணம் இது. நோக்கம் முழுக்க விளம்பரம்.

நிஜமான வேலை வானத்தில் கிடைத்தது. அமெரிக்கா 1958 மார்ச் 17 அன்று அனுப்பிய வான்கார்டு-1 ஒன்றரைக் கிலோகூட எடை இல்லாத உருண்டை. சோவியத் தலைவர் குருஷேவ் அதைப் பழம் என்று கேலி செய்தார். அதில் சாதாரண பேட்டரியே போதும் என்று கடற்படை சொன்னது. ராணுவத்தின் ஹான்ஸ் ஸீக்லர் விடாமல் மல்லுக்கு நின்று சோலார் செல்களையும் ஒட்டவைத்தார். பேட்டரி சில வாரங்களில் தீர்ந்தது. சோலார் செல்லில் ஓடிய ஒலிபரப்பி 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று நம் ஊரில் நக்கலடிப்பார்கள். சோலார் செல் அந்தப் பழமொழியை மெய்யாகவே செய்து காட்டியது. வைகுண்டத்துக்கு முதலில் போய்விட்டது. கூரை ஏற இன்னும் இருபதாண்டு ஆயிற்று.

மண்ணுக்கு அதை இறக்கியவர்கள் எண்ணெய்க்காரர்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். எலியட் பெர்மன் என்ற வேதியியலாளர், எக்ஸான் நிறுவனத்தின் பணத்தில் 1973-இல் சோலார் பவர் கார்ப்பரேஷனைத் தொடங்கினார். கம்ப்யூட்டர் சில்லு செய்பவர்கள் கழித்துப்போட்ட சிலிக்கான் வில்லைகளை வாங்கினார். விண்வெளிக்கான நுணுக்கங்களையெல்லாம் தூக்கியெறிந்தார். வாட்டுக்கு 100 டாலராக இருந்த விலை 20 டாலருக்கு வந்தது. வாடிக்கையாளர்கள் யார்? மெக்சிகோ வளைகுடாவின் நடுக்கடல் எண்ணெய் மேடைகள். கப்பல்கள் மோதாமலிருக்க அங்கே எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். அதற்கான கனத்த பேட்டரிகளைப் படகில் கொண்டுபோய் மாற்றும் செலவைவிடப் பேனல் மலிவு. பெட்ரோலுக்குப் போட்டி என்று இன்று மேடைகளில் முழங்கப்படும் பொருளைப் பாலூட்டி வளர்த்தது பெட்ரோல்.

இரண்டாவது வாடிக்கையாளர் கூட்டம் இன்னும் வேடிக்கை. 1970களில் நகரத்தை வெறுத்து வடக்குக் கலிபோர்னியாவின் காடுகளில் குடிசை போட்ட இளைஞர்கள். மின்வாரியக் கம்பி அங்கே போகாது. அவர்களில் ஒருவரான ஜான் ஷேஃபர், தன் காரில் இரண்டாவதாக ஒரு பேட்டரியை வைத்து, வேலைக்குப் போய்வரும் வழியில் அதை நிரப்பி, இரவில் வீட்டு விளக்குக்குப் பயன்படுத்தினார். வெளிச்சத்துக்குக் கார் பல்பு, பாட்டுக்குக் கார் ரேடியோ. எல்லாமே 12 வோல்ட். 1978-இல் அவர் தொடங்கிய ரியல் குட்ஸ் கடையில் சோலார் பேனல் விற்பனைக்கு வந்ததும் குடிசைக்காரர்கள் மொய்த்தார்கள். அவர்களில் பலர் பயிரிட்டது சட்டம் அனுமதிக்காத செடி என்பதால் கையில் ரொக்கம் இருந்தது, முகவரி இல்லாமலிருக்க ஆசையும் இருந்தது.

இங்கேதான் கார் பேட்டரி பேனலுக்கு அச்சு வார்த்தது. 12 வோல்ட் பேட்டரி முழுதாக நிரம்ப 14 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் வேண்டும். கம்பியில் கொஞ்சம் போகும், வெயிலில் சூடானால் செல்லின் அழுத்தமும் குறையும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 18 வோல்ட் என்று வைத்தார்கள். செல்லுக்கு அரை வோல்ட், ஆக 36 செல்கள். உலகெங்கும் சிறு பேனல்கள் 36 செல் கொண்டவையாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். காருக்காகப் பேனல் வளைந்துகொடுத்தது. பிறகு அது கார் கூரைக்கு ஏறியதில் வியப்பில்லை.

மோட்டார்ஹோமில் ஏற்கெனவே இன்ஜினுக்கு ஒன்று, குடித்தனத்துக்கு ஒன்று என இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஆனால் 1980களில் ஒரு பேனல் தந்தது நாற்பது ஐம்பது வாட். அதில் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள்? ஸ்வீடன் கைகொடுத்தது. பால்ட்சார் ஃபொன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் 1922-இல், நெருப்புச் சுடரால் குளிரூட்டும் ஃபிரிட்ஜைக் கண்டுபிடித்தார்கள். எலெக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி உலகுக்கு விற்றது. கேஸ் சிலிண்டரில் ஓடும் அந்த ஃபிரிட்ஜ் மோட்டார்ஹோம்களுக்கு வரப்பிரசாதம். அடுப்பும் ஹீட்டரும்கூட கேஸில்தான். மிச்சம் இருந்தது விளக்கும் தண்ணீர் மோட்டாரும் மட்டுமே. நம் ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ ஸிலார்டும் சேர்ந்து ஒரு ஃபிரிட்ஜுக்குக் காப்புரிமைகள் பெற்றார்கள், அவற்றில் சிலவற்றை வாங்கியதும் எலெக்ட்ரோலக்ஸ்தான். அவர்கள் ஃபிரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை.

அந்தக் காலத்தில் பேனல் செய்த பெரிய உற்பத்தியாளர் ஆர்கோ சோலார், அதுவும் எண்ணெய் நிறுவனத்தின் பிள்ளை. கலிபோர்னியாவின் கரீஸோ சமவெளியில் 1983-இல் அன்றைய உலகின் மிகப் பெரிய சோலார் நிலையத்தை அமைத்தார்கள். கூடுதல் வெளிச்சத்துக்காகப் பக்கத்தில் கண்ணாடிகளை நிறுத்தினார்கள். வெப்பம் தாங்காமல் செல்லைப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறிவிட்டது. 1990களில் நிலையம் பிரிக்கப்பட்டு, பழைய பேனல்கள் சந்தைக்கு வந்தன. முழுச் சக்தி இல்லாவிட்டாலும் விலை மலிவு. மின்கம்பி எட்டாத இடங்களில் வாழ்ந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இதற்கிடையே 1990-இல் ஆர்கோ சோலாரையே ஒரு ஜெர்மன் நிறுவனம் வாங்கியது. பெயர் சீமென்ஸ். ஃபிரிட்ஸின் தங்கத் தகட்டைப் பார்த்து வெர்னர் வியந்ததற்கு 105 ஆண்டுகள் கழித்து.

ஆஸ்திரேலியா இந்தக் கதைக்குள் பந்தயமாக நுழைகிறது. ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப் என்ற சாகசக்காரரும் கார்ப் பந்தய வீரர் லாரி பெர்கின்ஸும் 1982 டிசம்பரில் ஒரு சூரியக் காரில் பெர்த்திலிருந்து கிளம்பி, 20 நாளில் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடந்து சிட்னி சேர்ந்தார்கள். கூரை முழுக்கப் பேனல், ஒரு கிலோவாட்டுக்கும் குறைவான சக்தி. 1987-இல் அதுவே உலகப் பந்தயமாயிற்று. ஒவ்வொரு வாட்டுக்கும் உயிரைவிடும் அந்தப் பந்தயங்களுக்கு வேண்டியது, பேனல் தரும் கூடுதல் வோல்ட்டை வீணாக்காமல் மின்னோட்டமாக மாற்றித் தரும் கட்டுப்பாட்டுப் பெட்டி. விண்கலங்களில் பிறந்த அந்த உத்திக்கு எம்பிபிடி என்று பெயர். மெல்ல மெல்ல மோட்டார்ஹோம்களுக்கும் வந்து, 36 செல் என்ற பழைய கட்டுப்பாட்டை உடைத்துப்போட்டது. வோல்ட் கூடுதலான பேனலையும் 12 வோல்ட் பேட்டரிக்குப் பொருத்தலாம் என்றாயிற்று.

அது பலித்த நேரமும் தோதானது. ஜெர்மனி 2000-இல் ஒரு சட்டம் போட்டது: வீட்டுக் கூரையில் மின்சாரம் செய்பவருக்கு 20 ஆண்டுகள் நிச்சய விலை. பேனலுக்குத் திடீர்ப் பசி. அந்தப் பசிக்குச் சமைத்தது சீனா. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிரீனிடம் படித்த ஷி ஜெங்ரோங், 2001-இல் வூஷி நகரில் சன்டெக்கைத் தொடங்கினார். நான்கே ஆண்டில் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தை ஏறியது, ஷி பெருங்கோடீஸ்வரர் ஆனார். பார்த்தவர்களெல்லாம் அதே வழியில் ஆலை திறந்தார்கள். பேனல் குவிந்தது, விலை சரிந்தது, 2013-இல் வூஷி சன்டெக் திவாலானது. கூட்டம் சேர்த்தவரே நெரிசலில் சிக்கினார். வாட்டுக்கு 286 டாலரில் தொடங்கிய விலை இன்று மொத்தச் சந்தையில் 20 சென்ட்டுக்கும் கீழே கிடக்கிறது. வீட்டுக்கென்று வார்க்கப்பட்ட பெரிய பேனல் வண்டிக்கென்றே செய்த சிறிய பேனலைவிட மலிவாகிவிட, எம்பிபிடி பெட்டியின் துணையோடு அதுவே மோட்டார்ஹோம் மேல் ஏறியது.

ஏற்றிப் பூட்டுவது தனிக் கலை. மோட்டார்ஹோம் கூரையில் துளை போடுவதென்றால் அதன் சொந்தக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு திருகின் ஓரமாக மழைநீர் கசிந்தால் உள்ளிருக்கும் மரச்சட்டம் சத்தமில்லாமல் உளுத்துப்போகும். அமெரிக்கர்கள் பொதுவாகத் திருகிவிட்டு மேலே தானாகப் பரவும் பசையை ஊற்றுவார்கள். ஐரோப்பியர்கள் துளையே வேண்டாம் என்று பிளாஸ்டிக் மூலைகளை ஒட்டுவார்கள். பலரும் கையிலெடுப்பது சிக்காஃப்ளெக்ஸ் என்ற பசை. அதைச் செய்யும் சிக்கா நிறுவனத்தைச் சுவிட்சர்லாந்தில் தொடங்கியவர் காஸ்பர் விங்க்ளர். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த கோத்தார்டு ரயில் பாதையை மின்மயமாக்க வேண்டும், ஆனால் சுரங்கச் சுவரில் தண்ணீர் ஒழுகுகிறது. 1918 வாக்கில் அவருடைய கலவைதான் அதை அடைத்தது. மின்சாரமும் தண்ணீரும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது அந்த நிறுவனத்துக்குப் பரம்பரைத் தொழில்.

பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்று ஓட இரண்டு விரல் இடைவெளி விடுவார்கள். சிலிக்கானுக்கு வெளிச்சம் பிடிக்கும், வெப்பம் பிடிக்காது. அறை வெப்பநிலைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதச் சக்தி போகும். 65 டிகிரிக்குச் சுட்டால் ஆறில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். படகுகளிலிருந்து வந்த வளையும் பேனல்களைக் கூரையோடு ஒட்டியே போடுகிறார்கள். எடை குறைவு, அழகு அதிகம், ஆயுள் குறைவு. கண்ணாடிப் பேனலுக்குத்தான் என் ஓட்டு. வெப்பத்தைவிடப் பெரிய வில்லன் நிழல். செல்கள் தீபாவளி சீரியல் பல்பு மாதிரி தொடராகக் கோக்கப்பட்டவை. ஏசிப் பெட்டியின் நிழல் ஓரத்துச் செல்லில் விழுந்தாலும் அந்த வரிசை முழுதும் சோர்ந்துவிடும். குவார்ட்ஸைட்டில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும், தட்டையாகப் படுத்த பேனலுக்குப் பாதி வெளிச்சமே கிடைக்கும். அதனால் பேனலைச் சாய்த்து நிறுத்தக் கால் வைத்திருப்பார்கள். மடக்க மறந்து வண்டியைக் கிளப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு அந்தக் கவலை குறைவு. சென்னையில் அதே டிசம்பரில் சூரியன் 53 டிகிரி ஏறிவிடும், தட்டையே போதும்.

கடைசிக் கண்ணி பேட்டரி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் சுருங்கும். இப்போது மோட்டார்ஹோம்களில் அதன் இடத்தைப் பிடித்திருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடெனஃபின் குழு 1990களின் நடுவில் கண்டது அது. அதற்குச் சுமார் பத்தாண்டு முன்பே, மலிவான இரும்பையும் சல்பேட்டையும் சேர்த்தால் பேட்டரியின் வோல்ட் உயரும் என்று அதே குடெனஃபோடு சேர்ந்து காட்டி வழி திறந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழகத்தின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர். 2019-இல் 97 வயதில் நோபல் பெற்ற குடெனஃபுக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை வாசித்தவரும் அவர்தான். அரிசோனா பாலைவனத்தில் நள்ளிரவில் பேட்டரியில் ஓடும் ஃபிரிட்ஜில் அமரபுரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

வண்டியையே வெயிலில் ஓட்டலாமா? நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2021-இல் ஸ்டெல்லா வீட்டா என்ற வண்டியைக் கட்டினார்கள். நிறுத்தியதும் கூரை உயர்ந்து இறக்கை விரிய, பேனலின் பரப்பு 17.5 சதுர மீட்டராகும். ஐந்தோவனில் கிளம்பி, ஸ்பெயினின் தென்முனையான தரீஃபா வரைக்கும் அதை ஓட்டிப் போனார்கள். கண்ணீர்த்துளி வடிவம், குறைந்த எடை, பொறுமையான இளைஞர்கள் ஆகியவை சேர்ந்தால்தான் அது சாத்தியம். சந்தையில் விற்கும் கனத்த மோட்டார்ஹோமுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாப் படப்பிடிப்பில் நிற்பதுதான் நினைவுக்கு வரும். அதற்கு இது உதவுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எட்டு மீட்டர் நீள வண்டியின் கூரையில் ஏசிப் பெட்டி, காற்றுப்போக்கி எல்லாம் போக ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டர் தேறும். நல்ல பேனல் சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே தரும், ஆக உச்சி வெயிலில் இரண்டு கிலோவாட். நாள் முழுக்க எட்டு யூனிட் கிடைத்தால் ஒன்றரை டன் ஏசி ஒன்று ஐந்தாறு மணி நேரம் ஓடும். கேரவனில் ஏசி ஒன்றோடு நிற்பதில்லை, ஓட்டுநரும் வண்டியை மரநிழலில்தான் நிறுத்துவார். டீசல் ஜெனரேட்டர் இப்போதைக்கு வேலை இழக்காது. விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், போன், லேப்டாப் இவற்றோடு ஊர் சுற்ற நினைக்கும் குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

அப்படி ஆசைப்பட்டுக் கரூரில் வண்டிக்கு பாடி கட்டக் கொடுப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஏசிப் பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவாகும் முன்பே பேனலுக்குக் கூரையில் நிழல் விழாத இடத்தைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். இணையத்தில் அரை சதுர மீட்டர் பேனலை 300 வாட் என்று கூவி விற்பார்கள். டேப் எடுத்து அளந்து பாருங்கள், நூறைத் தாண்டினாலே பெரிது.